பாத்து நல்லதா ஒரு செட்டு

அந்த விக்கறவன் எறங்கிப் போயிட்டானுங்களா? போயிட்டான். இப்ப நிதானமா அந்த டப்பாவத் தெறங்க தம்பி. நான் ஒண்ணும் புடுங்கிக்க மாட்டேன். பஸ்ஸு கெளம்பற நேரத்துல ஏறி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி, எட்டு முனை, இது இருந்தா ஊட்டுக்கு ஆளே கூப்பிட வேண்டாம்னு பாட்டாப் பாடறான், நீங்களும் சட்டப் பையில கைய உட்டுட்டீங்க. தடுக்கலாம்னுதான் பாத்தேன். முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட நமக்கென்னன்னு வாய மூடிக்கிட்டேன். நீங்க வாங்கி முடிச்சதுக்கு அப்பறம் மனசு கேக்கலீங்க.

குடுங்க, பாக்கறேன். ம். இந்த நட்சத்திர முனையப் பாருங்க. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோணும். இதுல ஒரு பக்கம் மொட்ட. கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுத் திருகுனா மேல இருக்கற ரப்பர் ஒற மட்டும் சுத்துது, உள்ள கம்பி அப்படியே நிக்குது. டப்பா மேல குரோம் வனேடியம், ஒசத்தி இரும்புன்னு போட்டிருக்கானா? போட்டிருப்பான். அச்சடிக்கறதுக்கு என்னங்க, அரிசி மூட்ட மேலகூட அச்சடிக்கலாம்.

கோவிச்சுக்காதீங்க. நான் முப்பத்தோரு வருசம் கரூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருந்தவன். பெட்ஷீட்டு, தலகாணி ஒற, கைத்துண்டு. மேச மேல லைட்டப் போட்டு ஒவ்வொரு பீசா விரிச்சுப் பாக்கறது. ஒரு நூலு உட்டுப் போயிருந்தாலும் செவப்பு ஸ்டிக்கர ஒட்டி ஒதுக்கி வச்சிருவேன். வெளிநாட்டுக்காரன் வந்து பக்கத்துல நிப்பான், அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். சென்னியப்பன் பாஸ் பண்ணிட்டா கண்ண மூடிக்கிட்டுக் கப்பல்ல ஏத்தலாம்னு மொதலாளியே சொல்லுவாரு. பேருக்குச் சொல்லல, நெசமாவே சொல்லுவாரு.

நீங்க எதுக்கு வாங்குனீங்க? சமையக்கட்டு அலமாரிக் கதவு ஆடுதா. சம்சாரம் சொன்னாங்களா. எப்பச் சொன்னாங்க? நேத்தா. நேத்துச் சொல்லி இன்னைக்கு வாங்கிட்டீங்க.

அவசரப்பட்டுட்டீங்க தம்பி. நான் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டு வாங்க ஆறு மாசம் எடுத்துக்கிட்டேன். ஆனியில தேட ஆரம்பிச்சு மார்கழியில வாங்குனேன். சிரிக்காதீங்க. எம்மகளுக்கு வாங்குனது.

தாரணின்னு பேரு. ஒரே புள்ள. போன வைகாசியில கல்யாணம். காங்கேயத்துல தேங்கா எண்ண மில்லுக்காரங்க, கொப்பர காய வெக்கப் பெரிய களம், மாடி ஊடு. அதையும் நான் சும்மா முடிக்கலீங்க. ஏழு எடம் வந்துச்சு. ஏழையும் விரிச்சு வச்சுப் பாத்தேன். படிப்பு, ஒடம்பு, தொழிலு, கூடப் பொறந்தவங்க, அக்கம்பக்கம், ஒண்ணு உடல. ஆறத் தள்ளிட்டு இதப் பாஸ் பண்ணுனேன். புள்ளகிட்டயும் கேட்டேன், கேக்காம இல்ல. போட்டாவக் காட்டி, நான் நல்லாப் பாத்துட்டேன் கண்ணுன்னேன். நீங்க பாத்தா நல்லாத்தாம்ப்பா இருக்கும்னு சொல்லிச்சு. போட்டாவத் திருப்பிக் குடுத்துருச்சு.

கல்யாணம் முடிஞ்சு அஞ்சு வாரம் இருக்கும், போன் வருது. புள்ளையோட போனு ரிப்பேராம், அதனால சம்பந்தியம்மா போன்லருந்துதான் பேசும். அவங்களும் பக்கத்துலயே இருப்பாங்க, சில சமயம் அவங்க இருமறதுகூடக் கேக்கும். நல்லா இருக்கியா கண்ணு, நல்லா இருக்கறங்கப்பா, சாப்பிட்டியா, சாப்பிட்டங்கப்பா. அப்பறம் சொல்லுது, "ரூம் கதவுத் தாழ்ப்பாள் கழண்டு வந்துருச்சுங்கப்பா. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிட்டு வாங்க. நீங்களே வாங்கப்பா."

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஏன்னா மில்லு வச்சிருக்கற ஊடு. ஸ்பேனரு, சுத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கூட கூடயாக் கெடக்கும். அத உட்டுட்டு எங்கிட்டக் கேக்குதுன்னா என்ன அர்த்தம்? அப்பா எடுத்தாத்தான் சாமான் சரியா இருக்கும்னு அர்த்தம். பூங்கொடிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பூங்கொடின்னா எங்க ஊட்டுக்காரி. அவ கேட்டுட்டு, நாளைக்கே ஒரு எட்டுப் போயிட்டு வாங்கன்னா. பொண்ணக் கட்டிக் குடுத்து ரெண்டு மாசம் ஆகல, பொசுக்குன்னு போயி வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்? போறதுன்னா ஒரு காரணத்தோட போகோணும். கையில கொண்டு போற பொருளு நாலு பேரு பாத்து நல்லா இருக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்கோணும். சம்பந்தி ஊட்டுக்கு ஒரு மட்டமான டிரைவரக் கொண்டுபோயி, அது அவங்க கண்ணு முன்னாடியே வழுக்குனா என்ற மானம் என்ன ஆகுறது?

அதனால மொதல்ல கூட வேல பாத்தவனோட மச்சான் கடையில ஒரு செட்டு எடுத்தேன். பத்து டிரைவரு, மஞ்சக் கைப்பிடி. எடுத்த ஒடனே கொண்டு போயிர்ற ஆளு நானில்ல. ஊட்டுல ஒரு வேப்பம் பலக வச்சேன். ஒவ்வொரு செட்டுக்கும் இருவத்தஞ்சு ஸ்க்ரூ ஏத்தி எறக்கோணும், அதுதான் என்ற கணக்கு. பதினோராவது ஸ்க்ரூவுலயே முன மழுங்கிப்போச்சு. தள்ளிட்டேன். பூங்கொடி சமையக்கட்டுலருந்து பாத்துக்கிட்டே இருந்தா.

பரமத்தி வந்துருச்சுங்களா? வந்துருச்சு. காங்கேயத்துக்கு இன்னும் நேரங் கெடக்குது.

ஆடிக்கு அழைக்கப் போனோம், நானும் அவளும். தட்டு, பழம், துணி எல்லாம் எடுத்துக்கிட்டு. புள்ள தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. சொம்பக் கையில வச்சுக்கிட்டே மெதுவாக் கேக்குது, செட்டு கொண்டாந்தீங்களாப்பான்னு. இன்னும் அமையல கண்ணு, பாத்துக்கிட்டு இருக்கறன்னேன். சரிங்கப்பான்னுச்சு. கொஞ்சம் எளச்சிருந்துச்சு. கல்யாணமான புதுசுல எளைக்கறது வழக்கந்தானுங்களே.

போனதுதான் போனோம்னு மாடிக்குப் போயி அந்தக் கதவப் பாத்தேன். எங்கண்ணுல எது தப்பும் சொல்லுங்க. தாழ்ப்பாளோட தகடு உள்பக்கமா வளைஞ்சிருக்குது. நெலவுல, அதான் கதவோட நெலக்கால்ல, இருந்த நாலு ஸ்க்ரூவும் மரத்தப் பிச்சுக்கிட்டு நேரா வெளிய வந்திருக்குது, ஓட்டையச் சுத்தி மரம் நாரு நாராக் கெடக்குது. கதவுல கீழ, முழங்கா ஒசரத்துல, வெளிப்பக்கம் பெயிண்டு பேந்து செருப்புத் தடம் மாதிரி ஒரு கறுப்பு. நான் அங்கயே சொல்லிட்டேன், ஸ்க்ரூ நீளம் பத்தல, முக்கா இஞ்சு போட்டிருக்காங்க, ஒண்ணரை போடோணும், நெலவும் எளமரம், பெயிண்டும் மட்டம்னு. மாப்பிள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. மாமாவுக்கு எல்லாம் தெரியுதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. சம்பந்தியம்மா, புருசன் பொண்டாட்டி இருக்கற ரூமுக்கு எதுக்குங்க உள்தாழ்ப்பாளு, நம்ம ஊட்டுக்குள்ள யாரு வரப்போறான்னாங்க. அதுவும் நாயமாத்தான் பட்டுச்சு. எங்க ஊட்டுலயே புள்ள ரூமுக்கு நான் தாழ்ப்பாள் வெக்கலீங்க. வயசுப் புள்ள இருக்கற ரூமு, அதுக்கெதுக்குத் தாழ்ப்பாளுன்னுதான்.

ஆடிக்கு அனுப்பல. களத்துல வேல அதிகம், தீவாளிக்கு வரட்டும்னுட்டாங்க. புள்ள படியிலயே நின்னுச்சு. நாங்க வண்டியேறற வரைக்கும் நின்னுச்சு.

அப்பறம் ரெண்டாவது செட்டு. இதப் பூங்கொடியோட அண்ணம் பையன் போன்லயே அழுத்தி வரவச்சான். நாப்பத்தாறு உருப்படி. டப்பாவத் தொறந்தா நகைக்கட மாதிரி இருக்குது. எண்ணிப் பாத்தா அதுல முப்பது முன நம்ம ஊட்டுல எந்த ஸ்க்ரூவுக்கும் ஆகாது, கடிகாரக்காரனுக்கும் செல்போன் கடக்காரனுக்கும்தான் ஆகும். இத நல்லாக் கேட்டுக்கங்க தம்பி, எண்ணிக்கையப் பாத்து ஏமாறக் கூடாது. ஊட்டுக்கு ஆறு போதும். நட்சத்திரத்துல பெருசு, நடுத்தரம், சிறுசு. பட்டையில பெருசு, நடுத்தரம், சிறுசு. கைப்பிடி உள்ளங்கை நெறையா இருக்கோணும். முனையில காந்தம் இருந்தா ஸ்க்ரூ கீழ உழாது. கடையில ஒரு ஸ்க்ரூவக் கேட்டு வாங்கி அதுல முனைய வச்சு ஆட்டிப் பாக்கோணும், ஆடக் கூடாது. இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. அந்த நாப்பத்தாறுல இருந்த காந்தம் ஒரு குண்டூசியத் தூக்கல. திருப்பி அனுப்பிட்டேன்.

ஆவணியில மறுபடியும் போனு. திரும்பவும் கழண்டுருச்சாம். புரட்டாசியில ஒரு தடவ. ஐப்பசி பொறந்து ஒரு தடவ. ஒவ்வொரு தடவையும் மில்லு ஆளு யாரோ வந்து மாட்டிக் குடுப்பான், பத்து நாளு நிக்கும், மறுபடியும் போயிரும். நான் போன்லயே சொல்லிக் குடுத்தேன். ஓட்ட பெருசாயிருந்தா தீக்குச்சிய ஒடச்சு உள்ள வச்சு, பச ஊத்தி, காய உட்டு, அப்பறம் ஸ்க்ரூ ஏத்து கண்ணு, கெட்டியாப் புடிச்சுக்கும்னேன். அப்பறம் சரிங்கப்பான்னுச்சு. நீங்க எப்பப்பா வருவீங்கன்னுச்சு. செட்டு அமைஞ்ச ஒடனே ஓடி வாரன்னேன்.

பூங்கொடி அன்னைக்கு என்னப் புடிச்சுச் சண்ட போட்டா. பக்கத்து ஊட்டுல ஒரு டிரைவரக் கேட்டு வாங்கிட்டு இப்பவே பஸ்ஸு ஏறுங்க, இல்லாட்டி நான் போறேன்னா. கிறுக்கச்சி மாதிரிப் பேசாத, இரவல் டிரைவரக் கொண்டுபோயி மாட்டிட்டு அதத் திரும்பப் புடுங்கிக்கிட்டு வர முடியுமான்னேன். அழுதா. பொம்பளைங்க எதுக்குத்தான் அழ மாட்டாங்க.

தல தீவாளிக்கு வந்தாங்க. மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம். மத்தியானம் அவரு பழைய சிநேகிதங்களப் பாக்கறன்னு கெளம்பிட்டாரு. புள்ள அதோட பழைய ரூமுல போயிப் படுத்துச்சு. நான் தலகாணி குடுக்கலாம்னு கதவத் தள்றேன், தள்ள முடியல. உள்ள நாற்காலிய முட்டுக் குடுத்து வச்சிருக்குது. காத்துக்குக் கதவு அடிச்சுக்கும்னு வச்சிருக்கும்னு நெனச்சேன். பாருங்க, நம்ம கதவே சரியில்லன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

சாயங்காலம் கொல்லப்பக்கம் வந்துச்சு. அந்த வேப்பம் பலக செவத்துல சாத்தியிருந்துச்சு. அதுக்குள்ள அஞ்சு செட்டு தள்ளியாச்சு, பலக பூராவும் ஓட்ட. அந்த ஓட்டைங்க மேல வெரல வச்சுத் தடவிப் பாத்துட்டு, எத்தன ஸ்க்ரூப்பா இதுன்னுச்சு. நூத்திப் பத்துக்கு மேல இருக்கும் கண்ணு, ஒவ்வொரு செட்டையும் அப்படிச் சோதிச்சிருக்கேன்னேன். அப்பச் சொல்லுச்சுங்க, "எனக்கு நாலு ஸ்க்ரூ போதுங்கப்பா."

அதுக்கு நான் சொன்னேன், நாலோ நூறோ, டிரைவர் நல்லா இல்லாட்டி ஒரு ஸ்க்ரூவே தல கெட்டுப்போயிரும், அப்பறம் ஏத்தவும் முடியாது எறக்கவும் முடியாதுன்னு. வெளக்கமாத்தான் சொன்னேன். தல ஆட்டிக் கேட்டுக்கிச்சு. அதுக்கப்பறம் அந்தச் செட்டப் பத்தி எம்புள்ள கேக்கவே இல்ல.

தண்ணி இருக்குதுங்களா? சித்த குடுங்க.

மார்கழி மொத வாரம் கெடச்சுது. ஈரோட்டுல ஒரு பழைய ஹார்டுவேர் கட. டப்பாகூட இல்லீங்க, ஒரு முரட்டுத் துணியில ஆறு பை தச்சு, ஆறு டிரைவர், சுருட்டிக் கட்டி வச்சிருக்கான். வெலையும் நாயம். பலகையில இருவத்தஞ்சு ஏத்தி எறக்குனேன், முனையில ஒரு கீறல் இல்ல. இன்னும் இருவத்தஞ்சு. இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, பொய் சொல்லல. ஆறு மாசம் அலஞ்சு ஒரு நல்ல பொருளப் பாத்தா வராதுங்களா?

மறுநாளே கொண்டு போங்கன்னா பூங்கொடி. மார்கழியில புதுச் சாமானக் கொண்டுபோயி யாராச்சும் குடுப்பாங்களா? இன்னும் நாலு வாரத்துல தலப் பொங்கலு. கரும்பு, மஞ்சக் கொத்து, பான, அரிசி, வெல்லம், புதுத் துணின்னு சீரு கொண்டு போவோம். அந்தத் தட்டுலயே துணிச் சுருள வச்சுக் குடுத்துட்டா மொறையாவும் இருக்கும், நமக்கும் ஒரு பேரா இருக்கும். மஞ்சத் துணியில சுத்திப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். வாரத்துக்கு ஒருக்கா எடுத்துத் தொடச்சு வச்சேன்.

பொங்கலுக்குப் பன்னெண்டு நாளுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலருந்து போனு வந்துச்சு. புள்ள பேசல, ஒரு நர்சம்மா பேசுனாங்க.

என்ன சொல்றதுங்க. மாப்பிள்ளைக்குக் குடிச்சா கை நீளுமாம். கல்யாணமான மொத மாசத்துலருந்தாம். அவரு வண்டிச் சத்தங் கேட்டா இது ரூமுக்குள்ள போயித் தாழ் போட்டுக்குமாம், அவரு ஒதச்சுத் தெறப்பாராம். அன்னைக்குத் தாழ்ப்பாள் இல்ல. கழண்டு மூணு நாளாச்சு, யாரும் மாட்டல. தகடு ரெண்டும் இருந்த எடம் இருக்குதில்லீங்களா, கதவுல ஒண்ணு, நெலவுல ஒண்ணு, அந்த எடத்துல தாழுக்குப் பதிலா எம்புள்ள கையக் குறுக்க குடுத்து அழுத்திப் புடிச்சிருக்குது. அவரு வெளியிலருந்து ஒதச்சிருக்காரு.

வலது கை. முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பும் போயிருச்சு. ஆபரேசன் பண்ணித் தகடு வச்சிருக்காங்க. டாக்டர் எக்ஸ்ரேயத் தூக்கி வெளிச்சத்துல காட்டுனாரு. ரெண்டு தகடு, பன்னெண்டு ஸ்க்ரூ. எல்லாம் ஒரே ஆழம், ஒண்ணாவது சாஞ்சிருக்கோணுமே, இல்ல. நல்லாப் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னேன். பூங்கொடி அங்கயே என்ற சட்டயப் புடிச்சுட்டா. டாக்டரு இருக்காரு, நர்சுங்க இருக்காங்க, ஒண்ணும் பாக்கல. "அவ ஸ்க்ரூ டிரைவரையா வரச் சொன்னா? உங்களத்தான வரச் சொன்னா" அப்படின்னா.

இது நாயமுங்களா? நீங்களே சொல்லுங்க. ஸ்க்ரூ டிரைவர் வாங்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுச்சு. இந்தக் காதால கேட்டேன். அடிக்கறாருப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னைக்கே போயிருக்க மாட்டனா? சொல்லலீங்களே. பக்கத்துல மாமியாக்காரி இருந்தாலும் ஒரு சாடையாவது காட்டியிருக்கலாமில்ல? ஆறு மாசமும் தாழ்ப்பாளு, தாழ்ப்பாளு, தாழ்ப்பாளு. நான் தாழ்ப்பாளத்தானுங்க பாத்தேன். ராத்திரி தூக்கமில்ல எனக்கு. படுத்தா அந்த நெலவுல நாரு நாராக் கெடந்த மரந்தான் கண்ணுக்கு வருது. நான் அதத் தொட்டுப் பாத்தேன் தம்பி. வெரலால தொட்டுப் பாத்துட்டு, ஸ்க்ரூ நீளம் பத்தலன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கி வந்து சாப்பிட்டேன். வட பாயாசத்தோட.

உடுங்க. ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. இனி அங்க வாழ வேண்டாம்னு ஆயிருச்சு. கேசு இருக்குது, அது ஒரு பக்கம் நடக்கட்டும். சீரு சாமான இன்னைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லிட்டாங்க, பன்னெண்டு மணிக்குள்ள. அதுக்குத்தான் போறேன். பீரோ, குத்துவெளக்கு, பாத்திரமெல்லாம் கீழ எறக்கி வச்சிருப்பாங்களாம். கட்டிலத்தான் தொட மாட்டன்னுட்டாங்க. தேக்குக் கட்டிலுங்க, நானே மரம் பாத்துச் செஞ்சது. மாடியில அந்த ரூமுலதான் கெடக்குது. கழட்டுனாத்தான் படியில எறங்கும்.

வெள்ளகோயில் தாண்டிட்டமா? அப்ப வந்துருச்சு.

அந்த ஆறு டிரைவர் செட்டுங்களா? அது புள்ளகிட்ட இருக்குது. ஆஸ்பத்திரியிலருந்து வந்த மறுநாளு கேட்டுச்சு. பீரோவத் தெறந்து மஞ்சத் துணியோட எடுத்துக் குடுத்தேன். அவங்கம்மாவக் கடைக்கு அனுப்பிப் பெரிய தாழ்ப்பாளா ஒண்ணு வாங்கியாரச் சொல்லுச்சு, ஒண்ணரை இஞ்சு ஸ்க்ரூ எட்டு. நான் மாட்டித் தாரேன் கண்ணுன்னேன். அதோட பழைய ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிச்சு. வலது கையிதான் கட்டுல இருக்குதே, எடது கையாலயே திருகுது. நாங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு கேட்டுக்கிட்டே இருக்கோம். ஒரு ஸ்க்ரூவுக்குக் கா மணி நேரம் ஆகுது. சித்த நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடியும் திருகும். டிரைவர் ஒரு தடவகூட வழுக்கலீங்க. சத்தத்துலயே தெரியும் எனக்கு. எட்டு ஸ்க்ரூவும் ஏத்தி முடிச்சு, தாழ் போட்டுக்கிச்சு.

இருவது நாளாச்சு. சாப்பாடு வாசல்ல வச்சுட்டு நாங்க நகந்தா எடுத்துக்கும். பூங்கொடிகிட்ட மட்டும் ரெண்டொரு பேச்சு. எங்கிட்ட இல்ல. நான் ஒரு நாளு தள்ளிப் பாத்தேன், நல்லா அழுத்தித் தள்ளிப் பாத்தேன். அசையல. அவ்வளவு கெட்டியா ஏத்தியிருக்குது.

இந்தாங்க, என்னத்துக்கு டப்பாவ எங்கையில திணிக்கறீங்க? கட்டிலக் கழட்டவா? வேணாங்க தம்பி. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இது ஆகாது. தேக்குல ஏறுன ஸ்க்ரூ, ஒம்பது மாசம் ஆயிருச்சு, நல்லா இறுகியிருக்கும். இது மொத ஸ்க்ரூவுலயே மழுங்கிரும், தலயக் கெடுத்து உட்டுரும். காங்கேயத்துல கட இருக்குமில்ல. ரெண்டு மூணு கட ஏறி எறங்கிப் பாத்து வாங்கிக்கறேன். பன்னெண்டு மணின்னா பன்னெண்டா, முன்னப்பின்னதான் ஆகட்டுமே.

அதுக்கில்லீங்க. காலையில பொறப்படறப்ப புள்ள ரூமு வாசல்ல நின்னேன். கட்டிலக் கழட்டப் போறேன் கண்ணு, அந்தச் செட்டச் சித்தக் குடுன்னு கேட்டேன். கேட்டுட்டு நிக்கறேன், நிக்கறேன். சரி வரமாட்டேங்குதுன்னு திரும்புறேன், அப்ப கதவுக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பக்கத்துலருந்து கொரலு வருது. "இது வேணுங்கப்பா எனக்கு. நீங்க கடையில பாத்து நல்லதா ஒரு செட்டு வாங்கிக்கங்க" அப்படின்னுச்சு.

இருவது நாள்ல எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சுங்க அது. பாத்து நல்லதா வாங்குங்கன்னு சொல்லுது. இன்னமும் என்ற கண்ணு மேல அந்த நம்பிக்க இருக்குது புள்ளைக்கு. அப்படி இருக்கறப்ப நான் போயி பஸ்ஸுல வித்ததக் கொண்டு எப்படிங்க கழட்டுவேன்?

எறங்கணும் தம்பி, காலச் சித்த ஒதுக்குங்க. ஊட்டுக்குப் போனதும் அந்த அலமாரிக் கதவ மாட்டிருங்க. இல்ல, மொதல்ல ஒரு பலகையில சோதிச்சுட்டு மாட்டுங்க.